ஹோஸ்ட் சர்வர் தகராறு செய்யும்போது விஎம்-ஐ எப்படிக் காப்பாற்றி வெளியே எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு சர்வர்தான் இருக்கும். அரிசி ஆலைக் கணக்கு, நகைக்கடை பில்லிங், பழைய வீட்டை ஹோட்டலாக்கியவர்களின் அறைப்பதிவு எல்லாம் அதற்குள் தனித்தனி விஎம்-களாக (விர்ச்சுவல் மெஷின்) ஓடும். அந்த ஒரு பெட்டி படுக்கப் பார்க்கும்போது வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன். இப்போதே சர்வர் மக்கர் செய்துகொண்டிருந்தால் மூன்றாவது கேள்விக்கு நேரே போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

விஎம் என்கிறார்கள், ஹோஸ்ட் என்கிறார்கள். எது எது?

ஹோஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியும் பெட்டி. விஎம் அதற்குள் மென்பொருளால் உருவான கணினி. செட்டிநாட்டு வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறையும் தனி அடுப்பும் இருக்கிறதே, அந்த மாதிரி. கூரை விழுந்தால் எல்லாருக்கும் ஆபத்து. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தன் சாமான்களோடு வேறு வீட்டுக்குக் குடிபோக முடியும். விஎம்-இன் சாமான் இரண்டே வகை: அதன் டிஸ்க், அதாவது ஹோஸ்டில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு, அதற்கு எத்தனை சிபியு, எவ்வளவு ரேம், எந்த நெட்வொர்க் என்று சொல்லும் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு. இரண்டும் கைக்கு வந்துவிட்டால் வேறு எந்தப் பெட்டியிலும் அதை எழுப்பலாம்.

ஹோஸ்ட் போகப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் டிஸ்க். சுழலும் டிஸ்க்காக இருந்தால் அதன் ஸ்மார்ட் பதிவில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின், எண்ணிக்கை. 197 படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. 198 சோதித்தும் படிக்க முடியாதவை. 5 என்ற வரியில் ஒரு சின்ன எண் பல மாதமாக அசையாமல் நின்றால் கண்காணித்து வந்தால் போதும். 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். ரெய்டு கார்டுக்கு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் கார்டு) பின்னால் இருக்கும் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் பதிவு சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. கார்டுக்கு உரிய கருவி வழியாகவே கேட்க வேண்டும். பல இடங்களில் யாரும் அதைக் கேட்பதே இல்லை. என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் மீடியா எரர் எண்ணிக்கையையும் தேய்மானச் சதவீதத்தையும் பாருங்கள். ஆனால் எஸ்எஸ்டி எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே அடியாகக் காணாமல் போவதும் உண்டு.

விஎம்-க்குள்ளிருந்தும் அறிகுறி தெரியும். விண்டோஸ் விஎம்-இன் ஈவன்ட் வியூவரில் 7, 129, 153 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் கீழே இருக்கும் டிஸ்க் பதில் சொல்லத் திணறுகிறது. லினக்ஸ் விஎம் திடீரென்று கோப்புகளை எழுத மறுத்து, படிக்க மட்டும் விட்டால் அதுவும் பெரும்பாலும் இதே கதைதான்.

அடுத்தது ரேம். இசிசி ரேம் உள்ள சர்வர், தானே திருத்திக்கொண்ட பிழைகளையும் பதிவு செய்து வைக்கும். ஐடிராக், ஐஎல்ஓ போன்ற மேலாண்மைப் பக்கத்தில் அது தெரியும். ஒரே ரேம் பட்டையிலிருந்து அந்தப் பிழை வந்துகொண்டே இருந்தால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாதாரண டெஸ்க்டாப் ரேமில் அப்படிப் பதிவே கிடையாது. ஜிப் கோப்பு விரிக்கும்போது பிழை வருவது, டேட்டாபேஸ் செக்சம் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாமல் போவது, காரணமே இல்லாமல் விஎம் நிற்பது என்று பக்க வழியாகத்தான் தெரியவரும்.

கடைசியாகச் சூடும் தூசும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் வைத்த சர்வரை நான் டிஸ்க்கையும் ரேமையும் சந்தேகிப்பதற்கு முன் திறந்து பார்க்கச் சொல்வேன். அரிசி ஆலை அலுவலகம் என்றால் உமித்தூசு ஃபேனிலும் பவர் சப்ளையிலும் அப்பிக்கொண்டிருக்கும். சூட்டில் சிபியு தானே வேகத்தைக் குறைக்கும். எல்லா விஎம்-உம் ஒரே நேரத்தில் மந்தமாகும். இது மட்டும்தான் கோளாறு என்றால் முறைப்படி நிறுத்தி, சுத்தம் செய்து, மறுபடி போட்டால் சரியாகிவிடலாம். விஎம்-ஐ இடம் மாற்றவே தேவையில்லை.

அறிகுறி தெரிந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் டேட்டா. அப்புறம்தான் விஎம்.

இந்த வரிசையை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் எல்லாரும் முழு விஎம்-ஐயும் தூக்கவே ஓடுகிறார்கள். ஒரு கணக்கு விஎம் 200 ஜிபி இருக்கும். அதற்குள் திரும்பக் கிடைக்காத பொருள் எவ்வளவு என்று பாருங்கள். டேலி டேட்டா ஃபோல்டர் சில நூறு எம்பி. ஹோட்டல் அறைப்பதிவின் டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாவை ஒரே கோப்பாக எடுத்த நகல்) ஒன்றிரண்டு ஜிபி. மற்றதெல்லாம் விண்டோஸ், மென்பொருள், அப்டேட். எங்கிருந்து வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். விஎம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்குள்ளேயே போய் அந்தச் சின்ன ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக ஒரு லேப்டாப்புக்கு எடுங்கள். டேலியை மூடிவிட்டு எடுங்கள். டேட்டாபேஸ் என்றால் ஓடும் கோப்பை அப்படியே நகலெடுக்காமல் அதன் சொந்த பேக்கப் கட்டளையால் டம்ப் எடுங்கள். ஐந்து பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு ஹோஸ்ட் செத்தாலும் வியாபாரம் சாகாது.

அடுத்து, ஹோஸ்டின் சுமையைக் குறையுங்கள். அவசரமில்லாத விஎம்-களை முறைப்படி நிறுத்துங்கள். இரவு தானாக ஓடும் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள். கெட்டுப்போன டேட்டாவை எடுத்து, போன வாரத்து நல்ல பேக்கப்பின் மேலேயே அது எழுதிவிடக்கூடும். பழைய ஸ்னாப்ஷாட்டை (விஎம்-இன் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்தது) நீக்கி இடம் உண்டாக்கும் வேலையும் இப்போது வேண்டாம். நீக்கும்போது டிஸ்க்கில் நிறைய எழுத்து வேலை நடக்கும், நோஞ்சான் டிஸ்க் அதிலேயே போய்விடும்.

அமைப்புக் கோப்புகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். சில கேபி-தான் இருக்கும். ஐபி முகவரி, மேக் முகவரி, எந்த விஎம் பயாஸில் கிளம்புகிறது, எது யுஇஎஃப்ஐ-இல் கிளம்புகிறது, டிஸ்க் எந்த வகைக் கன்ட்ரோலரில் மாட்டியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது திரையைப் படம் எடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஹோஸ்டில் அது கட்டாயம் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி அந்த விஎம்-க்குள்ளேயே ஒரு கோப்பில் இருந்து பயனில்லை.

ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

டேட்டா வெளியே வரும்வரை வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க் நின்றுவிட்டால் மறுபடி சுழலாமலே போகலாம். ரேம் கோளாறு இருக்கும் சர்வர் தொடக்கச் சோதனையைத் தாண்டாமலே நிற்கலாம். இப்போது அரைகுறையாகவாவது விஎம் பதில் சொல்கிறது, அதை இழக்காதீர்கள். அதே காரணத்துக்காக அந்த டிஸ்க்கில் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே போன்ற பழுதுபார்க்கும் கருவிகளையும் ஓடவிடாதீர்கள். அவை கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவிகள். உலோகம் தேய்ந்த டிஸ்க்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது, எழுதி எழுதி இன்னும் கெடுக்கத்தான் முடியும்.

விஎம்-ஐ நிறுத்தாமலே, ஓடும்போதே மாற்ற முடியும் என்கிறார்களே?

முடியும். லைவ் மைக்ரேஷன் என்பது அதுதான். விஎம்வேர் நிறுவனம் 2003-இல் விமோஷன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2005-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஸென் என்ற ஹைப்பர்வைசரில் (விஎம்-களை ஓட்டும் மென்பொருள்) இதைச் செய்து காட்டி எழுதிய கட்டுரையில், ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த ஒரு கேம் சர்வரை 60 மில்லிசெகண்ட் நிறுத்தத்தில் வேறு பெட்டிக்கு மாற்றினார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். விஎம் ஓடிக்கொண்டே இருக்கும்போது அதன் ரேம் முழுவதும் ஒரு சுற்று புதிய ஹோஸ்டுக்குப் போகும். அதற்குள் சில பக்கங்கள் மாறியிருக்கும். மாறியவை மட்டும் அடுத்த சுற்றில் போகும். இப்படிச் சுற்றுச் சுற்றாகக் குறைந்து, மிச்சம் மிகச் சிறியதானதும் விஎம்-ஐ ஒரு கணம் நிறுத்தி, அந்த மிச்சத்தையும் சிபியுவின் நிலையையும் அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் எழுப்புவார்கள். பிறகு புதிய ஹோஸ்ட் தன் முகவரியை நெட்வொர்க்கில் அறிவிக்கும், சுவிட்ச் புதிய வழியைக் கற்றுக்கொள்ளும்.

இது ஒழுங்காக நடக்கச் சில விஷயங்கள் வேண்டும். இரண்டு ஹோஸ்டிலும் ஒரே வகை ஹைப்பர்வைசர் இருக்க வேண்டும். சிபியு ஒத்துப்போக வேண்டும். இன்டெல்லிலிருந்து ஏஎம்டி-க்கு ஓடும் நிலையிலேயே மாற்றுவதை நம்பி இறங்காதீர்கள். விஎம்-இன் சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என்று அமைத்திருந்தால், ஒரே நிறுவனத்தின் வேறு தலைமுறைச் சிபியுவுக்குப் போகும்போதுகூட விஎம் விழலாம். விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர் வைத்திருப்பவர்களுக்கு, பல ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் விசென்டர் இல்லாததால் விமோஷன் கிடையாது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி-யில் பொதுச் சேமிப்பு (இரண்டு ஹோஸ்டும் பகிரும் டிஸ்க்) இல்லாமலே ஓடும்போது மாற்றும் வசதி விண்டோஸ் சர்வர் 2012-இலிருந்து இருக்கிறது.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. லைவ் மைக்ரேஷன் வேண்டும் என்பதற்காக, சாகக் கிடக்கும் ஹோஸ்டை வைத்து அவசர அவசரமாக இரண்டு நோடு க்ளஸ்டர் (இரண்டு ஹோஸ்டைச் சேர்த்த கூட்டு) கட்டாதீர்கள். இரண்டில் ஒன்று செத்ததும் மிஞ்சியது கோரத்தை, அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டை, இழந்துவிடும். அமைப்புக் கோப்புகள் படிக்க மட்டும் என்று மாறிவிடும், நல்ல நோடில் இருக்கும் விஎம்-ஐக்கூடக் கிளப்ப முடியாது. எதிர்பார்க்கும் ஓட்டு எண்ணிக்கையை ஒன்று என்று கைமுறையாக மாற்றினால் சரியாகும்தான். ஆனால் கல்லாவில் ஆள் நிற்கும் நேரத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. பேக்கப் எடுத்து, புதிய பெட்டியில் ரீஸ்டோர் செய்யுங்கள். அது போதும்.

அப்படியானால் எப்போது லைவ், எப்போது நிறுத்தி எடுப்பது?

எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டு பவர் சப்ளையில் ஒன்று போய்விட்டது, ஒரு ஃபேன் சத்தம் போடுகிறது, டிஸ்க் பொதுச் சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது என்றால் லைவ் மைக்ரேஷனே நல்லது. ரேமில் இருப்பதை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ரேம் கெட்டிருந்தால் லைவ் வேண்டாம். கெட்ட ரேமில் இருப்பதைத்தான் அது அப்படியே புதிய பெட்டிக்குக் கொண்டுபோகும். விஎம்-ஐ முறைப்படி ஷட்டவுன் செய்து, டிஸ்க்கை மட்டும் எடுத்து, அந்தப் பக்கம் புதிதாகக் கிளப்புங்கள். நகலெடுக்கும்போதும் கவனம் வேண்டும், ஏனென்றால் கோப்பு அந்தக் கெட்ட ரேம் வழியாகத்தான் போகிறது. ஹோஸ்டில் ஒரே கோப்புக்கு இரண்டு முறை செக்சம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு விடை தந்தால் அந்தப் பெட்டியை வைத்து நகலெடுக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி நல்ல கணினியில் மாட்டி எடுங்கள்.

டிஸ்க் கெட்டிருந்து, விஎம் அதே டிஸ்க்கில் இருந்தாலும் நிறுத்தி எடுப்பதே என் தேர்வு. ஓடும் விஎம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இருக்க, மறுபக்கம் மொத்த டிஸ்க்கையும் படித்து அனுப்புவது நோஞ்சான் டிஸ்க்குக்கு இரட்டைச் சுமை. பாதியில் நின்றால் அந்தப் பக்கம் போன அரை நகல் எதற்கும் உதவாது.

போஸ்ட்-காப்பி என்று ஒரு முறை உண்டு. முதலில் விஎம்-ஐப் புதிய ஹோஸ்டில் எழுப்பிவிட்டு, ரேமைப் பிறகு தேவைக்கேற்ப இழுத்துக்கொள்வது. நல்ல ஹோஸ்ட்களுக்கு இடையில் அது சரி. சாகப்போகும் ஹோஸ்டிலிருந்து ஒருபோதும் செய்யாதீர்கள். நடுவில் பழைய ஹோஸ்ட் விழுந்தால் விஎம் பாதி இங்கே பாதி அங்கே என்று நின்று, இரண்டு பக்கமும் இல்லாமல் போகும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி வரை போகும். 200 ஜிபி டிஸ்க் சுமார் அரை மணி நேரம். அதே நெட்வொர்க் 100 மெகாபிட்டில் ஓடினால் ஐந்து மணி நேரம். பழைய சுவிட்ச் ஒன்று நடுவில் இருந்தாலோ, கேபிளில் ஒரு ஜோடி கம்பி அறுந்திருந்தாலோ ஜிகாபிட் என்று நினைத்தது 100-க்கு இறங்கிவிடும். தொடங்குவதற்கு முன் இரண்டு முனையிலும் வேகத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2 துளையில் மாட்டிய வெளி டிஸ்க்குக்கு விநாடிக்கு 30 எம்பி சொச்சம்தான். 200 ஜிபி-க்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போலப் பிடிக்கும். நீலத் துளை இருக்கிறதா என்று சர்வரின் முன்னும் பின்னும் தேடுங்கள்.

வைஃபையில் அனுப்ப நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுவர் கனத்துக்கு முகப்பில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டுக்கு வருவதே பெரிய விஷயம். வளவைக் குறுக்கே தாண்டி ஒரு கேபிளை ஓடவிடுங்கள், அல்லது இரண்டு பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்து நேரடியாக ஒரே கேபிளால் இணையுங்கள். இன்றைய நெட்வொர்க் கார்டுகளுக்கு இடையில் சுவிட்ச்கூட வேண்டாம்.

கெட்ட டிஸ்க் என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. ஒரு கெட்ட செக்டரில் அது பல விநாடி முக்கிக்கொண்டு நிற்கும். முதலாளி கேட்டால் “மதியத்துக்குள் முடிந்துவிடும்” என்று சொல்லாதீர்கள்.

ரெய்டு போட்டிருக்கிறோம். ஒரு டிஸ்க் போனால் என்ன, மாற்றிவிட்டால் போச்சு?

ரெய்டு 1-இலும் 10-இலும் ஓரளவு சரி. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போய், புதியது போட்டு ரீபில்ட் தொடங்கினால் மிச்சமுள்ள எல்லா டிஸ்க்குகளையும் முதல் செக்டரிலிருந்து கடைசிவரை அது படிக்கும். அந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கி, ஒரே சூட்டில், ஒரே அளவு ஓடியவை. சாதாரண டிஸ்க்குகளுக்கு 10^14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுவார்கள், அதாவது சுமார் 12.5 டிபி. நடைமுறையில் பல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடக்கும், ஆனாலும் மேற்கொண்டு ஒரு டிஸ்க் விழுந்தால் ரெய்டு 5 தாங்காது. ஆகவே டிகிரேடட் (ஒரு டிஸ்க் குறைந்த நிலை) என்று காட்டும்போதே விஎம்-களை வெளியே எடுங்கள். ரீபில்ட் அதற்குப் பிறகு. கன்ட்ரோலர் கார்டு தானே ரீபில்ட்டைத் தொடங்காமல் இருக்க, மாற்று டிஸ்க்கை அதுவரை செருகாமல் வையுங்கள்.

நகலெடுக்கும்போது பாதியில் ‘ரீட் எரர்’ வந்து நின்றுவிடுகிறது. இனி வழியில்லையா?

இருக்கிறது. சாதாரண நகல் கட்டளை முதல் பிழையிலேயே கைவிட்டுவிடும். டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி அப்படி இல்லை. படிக்க முடிந்த இடங்களை முதலில் விரைவாக எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அங்கே திரும்பிப் போய் முயலும். அந்தக் குறிப்பு ஒரு மேப் கோப்பில் இருக்கும். கரண்டு போய் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பை மறக்காமல் நல்ல டிஸ்க்கில் வையுங்கள்.

ஹோஸ்டை லைவ் லினக்ஸ் பென்டிரைவில் கிளப்பி, கெட்ட டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல் இதைச் செய்ய வேண்டும். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுங்கள். விஎம்-கள் எல்விஎம் பகுதிகளாக (லினக்ஸ் டிஸ்க்கில் பிரித்துக் கொடுக்கும் தனிப் பகுதிகள்) இருந்தால் மொத்த டிஸ்க்கையும் எடுப்பதற்கு முன், மிக முக்கியமான விஎம்-இன் பகுதியை மட்டும் முதலில் எடுக்கலாம். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லும் தேர்வு உண்டு, அதைப் போட்டே தொடங்குங்கள். பழுதுபார்ப்பதெல்லாம் எடுத்த நகலின் இன்னொரு நகலில்தான்.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டும் சத்தம் போட்டால் உடனே கரண்டை எடுத்துவிடுங்கள். அதற்குமேல் அது டேட்டா மீட்பு லேபுக்குரிய வேலை. வீட்டில் வைத்துத் திறக்காதீர்கள்.

எங்களிடம் இன்னொரு சர்வரே இல்லை. எங்கே மாற்றுவது?

சர்வர்தான் வேண்டும் என்றில்லை. 16 ஜிபி ரேமும் ஒரு நல்ல எஸ்எஸ்டி-யும் உள்ள அலுவலக டெஸ்க்டாப் ஒன்று, கணக்கு விஎம்-ஐயும் பில்லிங் விஎம்-ஐயும் ஒரு வாரம் தாங்கிவிடும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருந்தால் இயக்குங்கள். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் போடலாம், விண்டோஸ் ப்ரோ ஏற்கெனவே இருந்தால் ஹைப்பர்-வி போதும். டிஸ்க் கோப்பின் வடிவம் மாறும்: விஎம்வேரின் விஎம்டிகே, ஹைப்பர்-வி-யின் விஹெச்டிஎக்ஸ், ப்ராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்தும் கேவிஎம்-இன் க்யூகவ்2 என்று ஆளுக்கொன்று. க்யூஎம்யூ இமேஜ் கருவி இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றித் தரும். ஆனால் மாற்றும் வேலையை நல்ல பெட்டிக்கு நகல் வந்த பிறகு செய்யுங்கள். சாகும் ஹோஸ்டை அதற்கும் உழைக்க வைக்காதீர்கள்.

பென்டிரைவில் எடுத்தால் அது எஃப்ஏடி32 ஆக இருக்கக்கூடாது. 4 ஜிபி-க்கு மேல் ஒரு கோப்பை அது ஏற்காது.

மதுரைக்கோ திருச்சிக்கோ போய் ஒரு பெட்டி வாங்கி வரப் போய்வர அரை நாள் ஆகும். அதற்குள் டேட்டாவும் டிஸ்க் நகலும் எடுத்து முடித்திருந்தால் அந்த அரை நாள் வெறும் காத்திருப்புதான்.

க்ளவுடுக்கு நேரே அனுப்பிவிடலாமே?

அவசர நேரத்தில் முழு விஎம்-ஐ அனுப்புவது சரிவராது. அப்லோட் வேகம் 20 மெகாபிட் என்றால் 200 ஜிபி போகக் கிட்டத்தட்ட 22 மணி நேரம். ஆனால் அந்த ஒன்றிரண்டு ஜிபி டேட்டாபேஸ் டம்ப்பைத் தாராளமாக அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். கட்டடத்துக்கு வெளியே ஒரு நகல் இருப்பது எந்த நாளும் நல்லதுதான்.

எங்களிடம் ஸ்னாப்ஷாட் இருக்கிறது. அது பேக்கப்தானே?

இல்லை. ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில், மூலக் கோப்பை நம்பி இருப்பது. டிஸ்க்கோடு அதுவும் போகும். நகலெடுக்கும்போது மூலத்தை விட்டுவிட்டு ஸ்னாப்ஷாட் கோப்பை மட்டும் எடுத்தாலும், ஸ்னாப்ஷாட்டை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் எடுத்தாலும் சரியான விஎம் கிடைக்காது. ஃபோல்டரை முழுசாக எடுங்கள்.

புதிய ஹோஸ்டில் விண்டோஸ் விஎம் நீலத்திரை காட்டுகிறது. லினக்ஸ் விஎம்-க்கு நெட்வொர்க் வரவில்லை.

இரண்டும் அடிக்கடி வருபவை, இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். டேட்டா பத்திரமாகத்தான் இருக்கிறது.

பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று விண்டோஸ் நீலத்திரை காட்டினால் டிஸ்க் கன்ட்ரோலர் வகை மாறியிருக்கிறது என்று பொருள். புதிய விஎம்-இல் டிஸ்க்கை முதலில் சாட்டா என்று மாட்டிக் கிளப்புங்கள். உள்ளே போனதும் கேவிஎம்-க்கு உரிய விர்ட்ஐஓ டிரைவரைப் போட்டு, ஒரு சின்ன வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓ-வில் சேர்த்து விண்டோஸை அதைக் கண்டுகொள்ள வைத்து, பிறகு பூட் டிஸ்க்கையும் மாற்றுங்கள். கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றால் பயாஸ், யுஇஎஃப்ஐ மாறிப்போயிருக்கும். எழுதி வைத்த தாளைப் பாருங்கள்.

லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும், பழைய பெயருக்குக் கொடுத்த ஐபி அநாதையாக நிற்கும். அமைப்பில் பெயரை மாற்றினால் சரி. பழைய மேக் முகவரியையே புதிய விஎம்-க்குக் கொடுங்கள். ரூட்டர் அதே ஐபி-யைத் தரும், மேக்கைப் பார்த்து லைசென்ஸ் தரும் மென்பொருள்களும் முரண்டு பிடிக்காது.

டேலியில் பழைய விஎம்-இலிருந்தே லைசென்ஸை சரண்டர் செய்ய முடிந்தால் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். யூஎஸ்பி டாங்கிள் கேட்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் டாங்கிளையும் புதிய ஹோஸ்டில் மாட்டி, விஎம்-க்கு ஒதுக்க வேண்டும்.

பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடலாமா?

கூடாது. ஒரே ஐபி இரண்டு இடத்தில் இருந்தால் பாதிப் பேர் இங்கேயும் பாதிப் பேர் அங்கேயும் பில் போடுவார்கள். மாலையில் இரண்டு கணக்கையும் ஒன்றாக்க எந்தக் கருவியும் கிடையாது, கணக்குப்பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகப் பார்க்க வேண்டியதுதான். புதியதைக் கிளப்புவதற்கு முன் பழைய விஎம்-இன் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். ஹோஸ்ட் மறுபடி கிளம்பும்போது தானாக விஎம்-ஐத் தொடங்கும் அமைப்பையும் அணையுங்கள். கரண்டு போய் வந்ததும் பழைய விஎம் தானே எழுந்து உட்கார்ந்துகொள்வது இப்படித்தான் நடக்கிறது.

எந்த நேரத்தில் மாற்றுவது நல்லது?

டேட்டா எடுக்க நேரம் பார்க்காதீர்கள், இப்போதே எடுங்கள். விஎம் மாற்றுவதற்கு மட்டும் நேரம் பாருங்கள். ஹோட்டலில் காலை அறைகள் காலியானதற்கும் மதியம் அடுத்தவர்கள் வருவதற்கும் இடைப்பட்ட நேரம். ஆலையில் கடைசி லோடு எடை போட்டு முடிந்த பிறகு.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். உங்கள் தெரு வழியாகத் தேர் வரும் நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். கோடை மழை இடியோடு வரும் மாலைகளிலும் தொடங்க வேண்டாம்.

யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முன்னமே சோதியுங்கள். ஈய-அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் காரைக்குடி. பேட்டரியைப் பற்றி இங்கே அறியாதவர்கள் குறைவு. ஆனாலும் யூபிஎஸ்-ஐ ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைத்திருக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. இரண்டு ஹோஸ்டும் ஒரே யூபிஎஸ்-இல் ஓடும்போது தாங்கும் நேரம் பாதிக்கும் கீழே போகும்.

மாற்றியாகிவிட்டது. பழைய ஹோஸ்டை எப்போது கழிப்பது?

புதிய இடத்தில் ஒரு முழுச் சுற்று கணக்கு ஓடிய பிறகு. அதாவது தினசரி பில், மாத இறுதிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் ஒரு தடவையாவது புதிய விஎம்-இலிருந்து நடந்து முடிந்து, அந்தப் புதிய விஎம்-இன் பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்தும் பார்த்த பிறகு. அதுவரை பழைய டிஸ்க்குகளைக் கழற்றி, எந்த வரிசையில் எந்தத் துளையில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். ரெய்டு டிஸ்க்குகளுக்கு அந்த வரிசை தேவைப்படலாம்.

பிறகு பெட்டியை விற்பதாக இருந்தால் டிஸ்க் இல்லாமல் விற்கலாம். டிஸ்க்கோடு கொடுப்பதென்றால் முழுக்க அழித்துவிட்டுக் கொடுங்கள். ஃபார்மட் செய்வது மட்டும் போதாது. படிக்கவே முடியாத டிஸ்க்கை மென்பொருளால் அழிக்கவும் முடியாது. அதைத் துளைபோட்டு, மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். வாடிக்கையாளர்களின் நகைக் கணக்கும், விருந்தினர்களின் ஆதார் நகலும் அதில்தான் இருக்கின்றன.